பாவம் ஓரிடம், பழி ஓரிடம்

அமேசான் காடுகள் மாட்டுப் பண்ணைகளுக்காக அழிவதால், பிரிட்டிஷ் மாட்டிறைச்சியையும் ஒதுக்க வேண்டும் என்கிறார்களே, நியாயமா?

நியாயமில்லை. பிரேசிலின் பாரா, மாட்டோ குரோசோ மாநிலங்களில் மரங்களை வீழ்த்தித் தீயிட்டு மேய்ச்சல் நிலமாக்கும் அக்கிரமத்துக்கும், ஏர் ஏறாத வேல்ஸ் மலைச்சரிவில் மழையையே மூலதனமாகக் கொண்டு புல் வளர்த்து மாடு மேய்க்கும் குடியானவருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பிரிட்டனில் பிறக்கும் கன்றுக்கு இரு காதுகளிலும் இலக்கமிட்ட வில்லைகளை மாட்டி, 1996 முதல் பாஸ்போர்ட்டும் வழங்கி (மனிதருக்குக்கூட அது இத்தனை சீக்கிரம் கிடைப்பதில்லை!), பண்ணைக்குப் பண்ணை அதன் யாத்திரையைப் பதிவு செய்கிறார்கள்; பிரேசிலிலோ, சட்டவிரோதமாக அழித்த நிலத்தில் பிறந்த கன்று பல கை மாறிக் கடைசிப் பண்ணையை அடைகையில் பரிசுத்தமான பத்திரத்தோடு நிற்பதுண்டு. அந்த மலிவுச் சரக்கோடு போட்டியிடுவதும் அதன் பழியைச் சுமப்பதும் பிரிட்டிஷ் விவசாயியின் தலையில் விழுகின்றன. ஒன்று மட்டும் உண்மை: காடழிப்போடு சேர்த்துப் பேசப்படும் இறக்குமதிச் சோயாத் தீவனத்தைப் பெரிதும் தின்பவை கோழியும் பன்றியும் என்றாலும், பால்மாட்டுக்கும் அதில் பங்குண்டு.

பிரிட்டன் இறக்குமதி செய்யும் மாட்டிறைச்சியில் பெரும்பகுதி அயர்லாந்தினுடையது; பிரேசில் சரக்கு டப்பாவில் அடைத்தும் வருகிறது. ஆகவே, டப்பா இறைச்சி வாங்கும்போது லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.