ஓர் உண்மைக்கு ஓரிடம்

நுழையும்முன்

ஒரே செய்தியைப் பல இடங்களில் எழுதிவைத்தால், அது மாறும்போது எல்லா இடங்களிலும் திருத்தவேண்டும். ஓரிடம் விடுபட்டாலும் முரண்பாடு தோன்றும். தரவுத்தளத்தில் அம்முரண்பாட்டைத் தவிர்க்கும் முறையையும் அதன் எல்லையையும் இப்பாடம் விளக்குகிறது.

மிகைமையும் முரணும்

வெள்ளாற்றங்கரையில் அமைந்த புவனகிரி முன்பு தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993ஆம் ஆண்டு அம்மாவட்டம் பிரிக்கப்பட்டது. இன்று இவ்வூர் கடலூர் மாவட்டத்தில் உள்ளது. இவ்வூர்க் கைத்தறித் துணிகளை விற்கும் இணையதளம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் பெயருக்கு எதிரிலும் ஊரும் மாவட்டமும் எழுதப்பட்டிருப்பின், மாவட்டம் மாறும்போது ஆயிரம் வரிசைகளைத் திருத்த நேரிடும். ஊர் அட்டவணையில் ஒருமுறை மட்டும் எழுதப்பட்டிருப்பின், ஒரு வரிசையைத் திருத்துதல் போதும்.

இயல்பாக்கத்தின் படிகள்

தரவை இவ்வாறு பிரித்தமைத்தலே இயல்பாக்கம். உறவுநிலைத் தரவுத்தளக் கோட்பாட்டை 1970ஆம் ஆண்டு வெளியிட்ட எட்கர் காட் இதற்கு அடித்தளமிட்டார்.

முதல் இயல்பு வடிவத்தில் ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பே இடம்பெறும். விற்பனைச்சீட்டின் ‘புடவை 2, துண்டு 4’ என்பது இரு வரிசைகளாகும். அவ்வரிசைகளுக்குச் சீட்டு எண்ணும் பொருள் எண்ணும் சேர்ந்தே திறவுகோல். பொருளின் பெயரோ பொருள் எண்ணை மட்டும் சார்ந்தது. ஆகவே, இரண்டாம் வடிவத்தில் அது பொருள் அட்டவணைக்குச் செல்லும். வாடிக்கையாளரின் மாவட்டம் அவரது ஊரைச் சார்ந்தது. ஆகவே, மூன்றாம் வடிவத்தில் அது ஊர் அட்டவணைக்குச் செல்லும். இதற்கு மேலும் வடிவங்கள் உள. எனினும், பெரும்பாலான இணையதளங்களுக்கு மூன்றாம் வடிவமே போதுமானது.

எல்லை எது?

விலை பொருள் அட்டவணையில் இருப்பதால், விற்பனைச்சீட்டில் அதனை மீண்டும் எழுதுதல் மிகைமை எனத் தோன்றலாம். அதனை நீக்கினால், 2,000 ரூபாய்ப் புடவை அடுத்த ஆண்டு 2,400 ரூபாய் ஆகும்போது, பழைய சீட்டும் 2,400 என்றே காட்டும், கணக்குப் பொய்க்கும். இன்றைய விலை ஓர் உண்மை. விற்றநாள் விலை வேறோர் உண்மை. எண்கள் ஒன்றாயினும் இரண்டுக்கும் தனித்தனி இடம் வேண்டும்.

பல அட்டவணைகளை இணைத்துப் படிக்கும்போது தளம் தாமதிக்கலாம். அப்போது, நூலின் சொல்லடைவு போன்ற சுட்டுவரிசையை முதலில் அமைத்தல் வேண்டும். அதன்பின்னும் தாமதம் நீடிப்பதை அளந்தறிந்த பிறகே, மொத்தத்தொகை போன்ற சிலவற்றை இருமுறை எழுதிவைக்கலாம். அவ்விரண்டும் எப்போதும் ஒருசேர மாறுமாறு காத்தல் வடிவமைப்பாளரின் கடமை.

கற்பவை கற்றபின்

பள்ளி நூலகத்துக்கென நூல், மாணவர், இரவல் ஆகிய அட்டவணைகளை வரைக. நூல் பெற்ற நாளில் மாணவர் பயின்ற வகுப்பு எந்த அட்டவணையில் இடம்பெறவேண்டும்? காரணத்துடன் எழுதுக.