ஏலத்தில் அடிவிலையை அறிவித்தல் நன்றா?

பொருளை ஏலத்தில் விடும் ஒவ்வொருவரும் தம் மனத்தில் ஒரு விலையை வைத்திருப்பர். கேள்வி அதற்குக் கீழே நின்றுவிட்டால் பொருளைக் கொடார். இவ்விலையை ஈண்டு அடிவிலை என்போம். நெல்லையும் மரக்கறியையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பி, பல வியாபாரிகளிடம் ஒரே வேளையில் விலை கேட்கும் வழக்கம் பரவிவரும் இக்காலத்தில், அடிவிலையை வெளியே சொல்வதா, மறைப்பதா என்பது கமக்காரர் சிந்திக்கவேண்டிய வினாவாகும்.

கண்டி மாவட்டத்தார்க்கு ஏலம் புதிதன்று. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிடத் தொடங்கினார். 1883 இல் கொழும்பிலே முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. 2020 ஏப்பிரல் மாதத்தில் நோய்த்தொற்றுக் காலத்திலே அவ்வேலம் இணையவழிக்கு மாறியது. அங்கே தரகர் தேயிலையைச் சுவைத்து மதிப்பிடுகின்றனர். வாங்குவோரும் மாதிரியை முன்னரே சுவைத்துப் பார்க்கின்றனர். விலை படியாத தேயிலையைத் திருப்பி எடுத்துப் பின்னர் விற்கலாம். மரக்கறிக்கு அந்த வசதி இல்லை. இன்று மாலை விற்காத போஞ்சி நாளை மறுநாள் போஞ்சியாக இராது.

அடிவிலையை மறைப்பதால் என்ன நேரும் என்பதை அமெரிக்காவில் ராமா கட்கர், டேவிட் ரைலி என்னும் இருவர் சோதித்து, முடிவை 2006 இல் வெளியிட்டனர். சிறுவர் சேர்த்து வைக்கும் பொக்கிமான் சீட்டுகளில் ஒரே மாதிரியான 50 சோடிகளை அவர்கள் ஈபே என்னும் இணைய ஏலத்தில் விட்டனர். சோடியில் ஒன்றுக்கு அடிவிலையை வெளிப்படையாகத் தொடக்க விலையாக இட்டனர். மற்றதற்கு அதே அடிவிலையை மறைத்து வைத்தனர். மறைத்த சீட்டுகள் விற்பனையானதும் குறைவு. எதிர்பார்க்கக்கூடிய விலையும் குறைவு. சீட்டுக்கும் கத்தரிக்காய்க்கும் என்ன தொடர்பு என்று நகைக்கவேண்டாம். வாங்குபவரின் மனம் இரண்டிடத்தும் ஒன்றே. எவ்வளவு கேட்டாலும் போதாது என்று சொல்லிவிடுவாரோ என ஐயுறுபவர், கேளாமலே அகன்றுவிடுகிறார். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திற்கு இரவோடிரவாக லொறி அனுப்பவேண்டிய வியாபாரிக்கு இந்த ஐயத்தோடு காத்திருக்க நேரமேது?

ஆகவே கேட்போர் பலர் இருக்குமிடத்தில் அடிவிலையைச் சொல்லுங்கள். ஆனால் அதை ஆசைக்கேற்ப உயர்த்திச் சொல்லின் பயனில்லை. கேட்க வருவோர் தொகையைக் கூட்டுவதே முதல் வேலையாகும். ஜெரமி புலோ, போல் கிளெம்பரர் என்னும் பொருளியலறிஞர் இருவர், குறித்த சில நிபந்தனைகளின் கீழ், திறமாக வகுத்த அடிவிலையைவிட மேலதிகமாக வரும் ஒரு வியாபாரியே விற்பவர்க்குக் கூடிய வருவாய் தருவார் என 1996 இல் கணித முறையில் நிறுவினர். தெல்தெனியவில் இருவரிடம் மட்டும் விலை கேட்பவர், கட்டுகஸ்தோட்டையில் உள்ள மூன்றாமவரிடமும் கேட்பாராக.

கேட்பவர் ஒருவரே எனின் நிலைமை முற்றாக மாறும். வயல் வரம்பில் தராசோடு வந்து நிற்கும் ஒற்றை வியாபாரியிடம் அடிவிலையைச் சொன்னால், அதுவே அவர் தரும் விலையாகிவிடும். மேலே செல்ல அவர்க்குக் காரணமில்லை. அது ஏலமன்று, பேரம். பேரத்தில் அவர் விலையை முதலில் சொல்லட்டும். அவரிடமே பசளைக்கும் விதைக்கும் கடன் பட்டிருப்பவர்க்கு இந்த உபாயமும் கைகொடாது. விற்குமிடத்தைக் கடனே தீர்மானித்துவிடுகிறது.

தமிழ்நாட்டின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் வேறொரு முறை உண்டு. வியாபாரிகள் தம் விலையை ஒருவர்க்கொருவர் தெரியாமல் எழுதிக் கொடுப்பர். உயர்ந்த விலை அறிவிக்கப்பட்டபின், ஏற்பதும் மறுப்பதும் விவசாயியின் உரிமை. நெல், மஞ்சள் போன்று வைத்து விற்கக்கூடிய பொருளுக்கு இது நன்கு பொருந்தும். கீரைக்கும் தக்காளிக்கும் அவ்வளவாகப் பொருந்தாது.

இனி, அடிவிலையை எவ்வாறு கணக்கிடுவது? பலர் இதிலேதான் இடறுகின்றனர். உழவு, பசளை, நாற்று நடுகை ஆகியவற்றின் செலவைக் கூட்டி, அதற்குக் கீழே விற்கமாட்டேன் என்கின்றனர். அச்செலவு அடுத்த போகத்தில் எதைப் பயிரிடுவது என்று தீர்மானிக்கும்போது பார்க்கவேண்டியதாகும். அறுவடை முடிந்தபின் பார்க்கவேண்டியது ஒன்றே: இவரிடம் விற்காவிடில் வேறெங்கே, எவ்வளவுக்கு விற்கலாம்?

நெல்லை எடுத்துக்கொள்வோம். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த விலை நாட்டு நெல் கிலோவுக்கு 120 ரூபா. இது 14 வீத ஈரப்பதத்திற்கு உலர்ந்த நெல்லுக்குரியது. உங்கள் நெல்லில் 20 வீத ஈரம் இருப்பின், 100 கிலோவில் உலர்பொருள் 80 கிலோவே. 14 வீதத்திற்கு உலர்த்தியபின் 93 கிலோ மிஞ்சும். 93 கிலோவின் பெறுமதி 11,160 ரூபா. அதாவது ஈர நெல் கிலோ 111 ரூபா 60 சதம். உலர்த்தும் கூலியும் வண்டிக்கூலியும் கிலோவுக்கு 6 ரூபா என வைத்துக்கொண்டால், வயலிலே உங்கள் அடிவிலை 105 ரூபா 60 சதமாகும். அதற்கு மேலே கேட்பவர்க்கு ஈர நெல்லைக் கொடுப்பதில் நட்டமில்லை; கீழே கேட்பின் களத்திலிட்டு உலர்த்துக. நடைமுறையிலுள்ள விலையும் உங்கள் ஊர்க் கூலியும் வேறாயின் அவற்றை இட்டுக் கணக்கிடுக.

மரக்கறியின் கணக்கு சுருக்கமானது. பறித்த போஞ்சிக்கு வேறு வழி சந்தை ஒன்றே. சந்தையில் கிடைக்கக்கூடிய விலையிலிருந்து வண்டிக்கூலி, தரகு, வழியில் நசுங்கிக் கழிபவை ஆகியவற்றைக் கழித்தால் வருவது அடிவிலை. பறிக்காத போஞ்சியாயின், பறிக்கும் கூலியையும் சேர்த்துக் கழித்துப் பார்த்து, ஒன்றும் மிஞ்சாவிடில் அன்று பறிக்காதிருக்கலாம்.

வியாபாரிகளுக்குச் செய்தி அனுப்பும்போது இனம், நிறை, நெல்லாயின் ஈரப்பதம், வண்டி வந்து நிற்கக்கூடிய இடம், அடிவிலை, கேள்வி முடியும் நேரம் ஆகிய யாவற்றையும் எழுதுக. உறவினர் ஒருவரை விட்டுப் பொய்க்கேள்வி கேட்பித்து விலையை ஏற்றுவது வஞ்சகம். சிறிய ஊரில் அது நெடுநாள் மறைந்திராது. நேரம் முடிந்து எவரும் அடிவிலையை எட்டாவிடில், உடனே அதைக் குறைத்து அழைக்கவேண்டாம். அவ்வாறு ஒரு முறை செய்தவரின் அடிவிலையை அடுத்த முறை எவரும் நம்பார். முடிவு நேரம் கழியட்டும் என்றே யாவரும் வாளாவிருப்பர்.