கைபேசிக் கல்வியும் குழந்தைகளின் நலனும்

நமது கிராமங்களில் கைபேசி நுழையாத வீடு இன்று அரிதாகிவிட்டது. சந்தை விலையும், வங்கிக் கணக்கும், பயிர்க் காப்பீட்டுச் செய்தியும் அதன் வழியே வருகின்றன. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடமும் அதன் வழியே வந்தது. “எங்கள் பையனுக்குக் கைபேசியில் தெரியாதது ஒன்றுமில்லை” என்று மகிழ்ந்து கூறும் பெற்றோர் பலர். பிள்ளை உண்மையில் அறிந்திருப்பது எது, அறியாதிருப்பது எது என்பதை ஆராய்வது ஊராட்சி மன்ற அங்கத்தினர்களுக்கும் விவசாயிகளுக்கும் பயன் தரும்.

கணக்கு கூறுவது யாது?

‘பிரதம்’ என்னும் தொண்டு நிறுவனம் நாடெங்குமுள்ள கிராமப்புற வீடுகளில் விசாரித்து வெளியிட்ட 2024-ஆம் ஆண்டுக் கல்வி நிலை அறிக்கை கவனிக்கத்தக்கது. 14 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுள் நூற்றுக்கு 82 பேர் கைபேசியை இயக்க அறிந்தவர். அவர்களுள் முந்தைய வாரத்தில் கல்விக்காக அதைப் பயன்படுத்தியவர் நூற்றுக்கு 57 பேர். சமூக ஊடகங்களுக்காகப் பயன்படுத்தியவர் 76 பேர்.

சமூக ஊடகங்களில் பழகிய பிள்ளைகளுள், தொல்லை தரும் ஒருவரைத் தடுக்கவோ அவர்மீது புகார் செய்யவோ அறிந்தவர் நூற்றுக்கு 62 பேர். கடவுச்சொல்லை மாற்ற அறிந்தவர் ஏறத்தாழ 58 பேர். தம் பக்கத்தை அந்நியர் காணாதவாறு அமைக்க அறிந்தவர் 55 பேர். எனவே எஞ்சிய 45 பேரின் வீட்டுக் கதவு திறந்தே கிடக்கிறது என்று கொள்ளலாம்.

திறமை நான்கு வகை

ஐரோப்பிய நாடுகளில் 2020 முதல் 2023 வரை நடைபெற்ற ‘ஒய்ஸ்கில்ஸ்’ என்னும் ஆராய்ச்சித் திட்டம் இத்திறமையை நான்காகப் பகுத்தது. கருவியை இயக்குதல், செய்தியைத் தேடி மெய் பொய் அறிதல், பிறரோடு முறையாகப் பழகுதல், புதியன படைத்தல் என்பன அவை. அத்திட்டத்தைச் சார்ந்த லிவிங்ஸ்டன் முதலிய அறிஞர்கள், 12 முதல் 17 வயதினர் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். திறமை மிகுந்த பிள்ளைகள் அதிக வாய்ப்புகளைப் பெறுகின்றனர். அதே சமயம் அதிக அபாயங்களையும் எதிர்ப்படுகின்றனர் என்பதே அது. திறமை வளர்ந்தால் நலமும் தானே வளரும் என்று எண்ணுதல் தகாது.

விவசாயிகளுக்கு இது புதிதன்று. தெளிப்பானை முதுகில் மாட்டி விசையை அழுத்தத் தெரிந்தவன், மருந்து தெளிக்கத் தெரிந்தவன் ஆகிவிடமாட்டான். மருந்தின் அளவு, காற்றின் திசை, முகத்தை மூடும் துணி ஆகிய மூன்றையும் அறிந்தவனே தன் உயிரையும் பயிரையும் காப்பான். நம் பிள்ளைகள் விசையை அழுத்தக் கற்றுவிட்டனர். மற்றவற்றை நாம் இன்னும் கற்பிக்கவில்லை.

நலம் கெடுவது எவ்வாறு?

முதலாவது, உறக்கம். இரவில் படுக்கையில் கைபேசி இருப்பின் உறங்கும் நேரம் குறையும். மறுநாள் வகுப்பில் கவனம் நில்லாது.

இரண்டாவது, பணம். தகப்பனாரின் வங்கிக் கணக்கோடு இணைந்த கைபேசியில் விளையாடும் சிறுவன், சூதுடன் கூடிய ஆட்டத்தில் சிக்கினால் குடும்பத்தின் சேமிப்பே கரையும்.

மூன்றாவதும் கொடியதுமானது, அச்சம். முகமறியாத ஒருவன் நயமாகப் பேசிப் படத்தைப் பெற்றுப் பின்னர் மிரட்டுகிறான். சொன்னால் அடி விழும், கைபேசி பறிபோகும், படிப்பும் நின்றுவிடும் என்று அஞ்சும் பெண் வாய் திறப்பதில்லை. மிரட்டுகிறவனுக்கு அந்த மௌனமே பலம். ஆகவே, தனக்கு நேர்ந்ததைப் பெரியவரிடம் அஞ்சாமல் சொல்வதே பிள்ளை பெற வேண்டிய முதல் திறமை; கோபமின்றிக் கேட்பது பெற்றோர் பெற வேண்டிய திறமை. கைபேசியைப் பெண்களுக்கு மறுத்துவிடுவது பரிகாரமாகாது. மேற்கூறிய அறிக்கையின்படி ஆண்பிள்ளைகளில் நூற்றுக்கு 85 பேருக்கு மேல் கைபேசியை இயக்க அறிந்திருக்க, பெண்பிள்ளைகளில் அத்தகையோர் 79 பேரே.

ஊர் செய்யத்தக்கவை

1. இரவில் வீட்டிலுள்ள கைபேசிகள் யாவும், பெரியவர்களுடையவை உட்பட, கூடத்தில் ஓரிடத்தில் இருத்தல் நலம்.

2. பணம் செலுத்தும் இரகசிய எண்ணைப் பிள்ளைகளிடம் கூறலாகாது. பணம் மோசம் போனால் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். தாமதம் குறையக் குறையப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு மிகும்.

3. குழந்தைகள் உதவி எண் 1098. இதனைப் பள்ளிச் சுவரிலும், அங்கன்வாடியிலும், நியாய விலைக் கடையிலும் எழுதி வைக்கலாம்.

4. குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களை 2012-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டிக்கிறது. அத்தகைய குற்றத்தை அறிந்தவர் காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. ஊரில் பேசி முடித்து மூடி மறைத்தல் கூடாது. பிள்ளையின் பெயர் வெளிவராமலும் காக்க வேண்டும்.

5. கிராம சபை கூடும் நாட்களில் ஆசிரியர் துணையுடன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, கடவுச்சொல்லை மாற்றுதல், பக்கத்தை மறைத்தல், தொல்லை தருவோரைத் தடுத்தல் ஆகிய மூன்றையும் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து செய்து பழகலாம். இதற்குத் தனி நிதி வேண்டுவதில்லை.

கிணறு வெட்டியவர்கள் கைப்பிடிச் சுவரும் கட்டுவது நம் முன்னோர் வழக்கம். தண்ணீர் வேண்டும் என்பதால் கிணற்றைத் தூர்க்கவில்லை. குழந்தை விழக்கூடாது என்பதால் சுவரை மறக்கவுமில்லை. கைபேசி விஷயத்திலும் அவ்வறிவையே நாம் மேற்கொள்வோமாக.