படத்துக்கு முன் கை



உன் வைத்தியசாலைக்கு எக்ஸ்ரே யந்திரம் வந்து சேர்ந்தது என்றும், நொண்டிவரும் நாய்களுக்கு இனி நிமிஷத்தில் காரணம் சொல்லிவிடலாம் என்றும் நீ எழுதியிருந்தாய். முதற்செய்தி மகிழ்ச்சியளித்தது; இரண்டாவதைக் குறித்துச் சில வார்த்தைகள் எழுதுவது என் கடமை.

நாயை மேஜைமேல் ஏற்றுவதற்கு முன், எஜமானரைக் கொண்டே அதை நடக்கவிட்டுப் பார். முன்னங்காலில் வலியுள்ள நாய், அந்தக் கால் தரையில் ஊன்றும்போது தலையை உயர்த்தும். நல்ல கால் ஊன்றும்போது தாழ்த்தும். உட்காருகையில் ஒரு பின்னங்காலை மட்டும் மடக்காமல் வெளிப்புறமாக நீட்டிவைக்குமாயின் முழங்காலைச் சந்தேகி. பொமரேனியன் போன்ற சிறு நாய் நாலைந்து அடி காலைத் தூக்கித் துள்ளிவிட்டு மீண்டும் இயல்பாக ஓடினால், பெரும்பாலும் முழங்கால் சில்லு உட்புறமாக நழுவுகிறது.

வயதேறிய லாப்ரடார் ஒன்று பின்னங்கால் நொண்டி வந்தால், உடனே இடுப்பைப் படமெடுத்து, அங்கே மூட்டுத் தேய்ந்திருப்பதைக் கண்டு, அதுவே காரணமென்று தீர்ப்புச் சொல்லிவிடுவது நம் தொழிலில் சர்வசாதாரணமான பிழை. பரம்பரையாக வரும் அந்த இடுப்புக் கோளாறு வருஷக்கணக்கில் பெரிய உபத்திரவமின்றி இருந்திருக்கலாம். நேற்றுத் தொடங்கிய நொண்டலோ முழங்காலின் முன் ஜவ்வு அறுந்ததனால் நேர்ந்திருக்கலாம். ஜவ்வு எக்ஸ்ரே படத்தில் விழாது, விரல்களுக்கே அகப்படும். ஒரு கையால் தொடையெலும்பின் அடிப்பாகத்தை அசையாமல் பற்றி, மறு கையால் கணைக்கால் எலும்பை முன்னே தள்ளினால், ஜவ்வு அறுந்த காலில் அது மேஜை இழுப்பறையைப்போல் நகர்ந்துவரும். நாய் அச்சத்தால் தசையை இறுக்கிக்கொண்டால், மயக்க மருந்து கொடுத்து மறுபடி சோதி. நாய்களில் இந்த ஜவ்வு பெரும்பாலும் ஒரே அடியில் அறுவதில்லை, மெல்ல மெல்ல நைந்தே அறுகிறது. ஆகையால் மறு முழங்காலுக்கும் பிற்காலத்தில் அதே கதி நேர்வதை அடிக்கடி காண்பாய். எஜமானருக்கு அதை முதல் நாளே சொல்லிவிடு. கனத்த நாய்களுக்கு, அமெரிக்க வைத்தியர் பார்க்லே ஸ்லோகம் 1993-இல் வெளியிட்ட முறை உண்டு: சரிந்திருக்கும் கணைக்கால் எலும்பின் தலைப்பகுதியை வட்டமாக அறுத்துச் சுழற்றி, சரிவைக் குறைத்துத் தகடு பொருத்தி, ஜவ்வு இன்றியே மூட்டை நிலைக்கச் செய்வது அது. அதை முறையாகப் பயின்றவரிடம் அனுப்பு.

படம் தாமதமின்றி வேண்டிய இடமும் உண்டு. பெரிய ஜாதி நாய், நடுவயது தாண்டியது, மணிக்கட்டுக்கு மேலோ முழங்காலை ஒட்டியோ கடினமான வீக்கம், வலிமருந்துக்கு அடங்காத நொண்டல் என்றால், எலும்புப் புற்றுநோய் இல்லையென்று உறுதிசெய்யும்வரை ஓயாதே.

குட்டிகளின் விஷயம் வேறு. எலும்பில்லாத இறைச்சியையே தின்று வளர்ந்து கால் வளைந்த குட்டிக்கு முதற்சிகிச்சை தீனியைத் திருத்துவதே. இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகச் சொற்பம். ஆனால் சமச்சீரான தீனி தின்னும் கிரேட் டேன் குட்டிக்கு மேலும் கால்சியம் புகட்டுவது எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும் தீங்கு.

மூட்டு நோய்க்கு எடைக்குறைப்பைப் போன்ற மலிவான மருந்து வேறில்லை. அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு ஆயுள் முழுவதும் கால்பங்கு தீனியைக் குறைத்துக் கொடுத்தார்கள். 2002-இல் வெளிவந்த முடிவின்படி, இடைநிலை ஆயுள் 11.2 வருஷத்திலிருந்து 13 வருஷமாக நீண்டது. மூட்டுத் தேய்வுக்கு வைத்தியம் தேவைப்பட்ட காலமும் தள்ளிப்போயிற்று. கொழுத்த நாயைக் கொண்டுவருபவரிடம் தாட்சண்யம் பாராமல் இதைச் சொல்.

ஒரு வேண்டுகோள். மெலாக்ஸிகாமோ கார்ப்ரோஃபெனோ எழுதுமுன், வீட்டில் ஏற்கெனவே என்ன கொடுத்தார்கள் என்று கேள். மனிதர்களுக்கான இபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஸ்டீராய்டு கொடுத்திருக்கும்போது இவ்வலிமருந்துகளைச் சேர்ப்பதும் ஆபத்து. அந்தக் கேள்வியை ஒரு நாய்க்கும் விட்டுவிடாதே.

இங்ஙனம்,
உன் நலம் நாடும் ஆசிரியன்