டிக்கிக்குப் போன பேட்டரி

அப்பா வாங்கிய அம்பாசடர் இன்னும் எங்கள் போடி வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். பிற்பாடு அதில் ஏசி மாட்டினோம். கம்ப்ரசரும் பைப்புகளும் இடத்தை அடைத்துக்கொள்ள, பேட்டரியை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகே நகர்த்த வேண்டியதாயிற்று. சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போய்த் திரும்பினால் பானட்டுக்குள் கை வைக்க முடியாது. டிஸ்டில்டு வாட்டர் அடிக்கடி வற்றியது. அடுத்தடுத்து இரண்டு பேட்டரிகள் ஒன்றரை வருஷம்கூடத் தாங்கவில்லை.

டிக்கிக்கு மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். 1959-ல் வந்த பிரிட்டிஷ் மினி காரிலேயே பேட்டரி டிக்கியில்தான் இருந்தது. பழைய மாஸ்டா மியாட்டாவிலும் பல பிஎம்டபிள்யூ கார்களிலும் அப்படித்தான். ஆனால் அவற்றில் கேபிள் போகும் வழி, வாயு வெளியேறும் வழி எல்லாம் தொழிற்சாலையிலேயே யோசித்துச் செய்தவை. நான் ஐந்து மீட்டர் கேபிள் மட்டும் வாங்கினேன். ஒரு பட்டறையில் அரை நாளில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

மார்கழிக் காலையில் போடிமெட்டுக்குக் கிளம்பினேன். முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறியிருப்பேன். ரப்பர் கருகும் வாடை. பின்சீட்டுக்கு அடியிலிருந்து புகை. வண்டியை ஓரங்கட்டிச் சாவியை அணைத்தேன், புகை நிற்கவில்லை. டிக்கியைத் திறந்து, துணியைச் சுற்றி டெர்மினலைப் பிடுங்கிய பிறகுதான் அடங்கியது. தகட்டில் போட்ட ஓட்டையின் விளிம்பு, கேபிளின் தோலை அறுத்திருந்தது.

வண்டியைக் கட்டி இழுத்துத் தேனிக்குக் கொண்டுவந்தோம். அங்கே இருந்த எலக்ட்ரீஷியன் டிக்கியைப் பார்த்ததும் கேட்டார்: “என்னண்ணே, கேபிள் இருக்கு, ஃபியூஸக் காணோமே?” அவரோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். அதில் கற்றவை இவை.

ஃபியூஸ்தான் முதல் வேலை. பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும் கேபிள் சாவி வழியாகப் போவதில்லை. அது பாடியில் உரசினால் நூற்றுக்கணக்கான ஆம்ப்பியர் பாயும், சாவியை அணைத்தாலும் நிற்காது. பேட்டரி முன்னால் இருந்தபோது அந்தக் கேபிள் குட்டை. இப்போது வண்டியின் முழு நீளத்துக்கும், ஆள் உட்காரும் இடத்துக்கு அடியில் ஓடுகிறது. ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். பானட்டுக்குள் கொண்டுபோய் வைத்தால், நடுவில் உள்ள கேபிளுக்குக் காவலே இல்லை. என் வண்டிக்கு 200 ஆம்ப்பியர் போட்டோம். உங்கள் இன்ஜினுக்கும் கேபிளுக்கும் ஏற்றதைக் கேட்டுப் போடுங்கள்.

கேபிளின் தடிமனில் கஞ்சம் பிடிக்காதீர்கள். செல்ஃப் 150 ஆம்ப்பியர் இழுத்தால், ஐந்து மீட்டர் நீளமுள்ள 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் கிட்டத்தட்ட 0.8 வோல்ட் வீணாகும். 35 சதுர மில்லிமீட்டரில் அது 0.4 வோல்ட்டுக்கும் கீழே. குளிர்ந்த காலையில் செல்ஃப் முனகுவதும் சட்டென்று சுற்றுவதும் இந்த வித்தியாசத்தில்தான். டீசல் வண்டி இன்னும் அதிகம் இழுக்கும், அதற்கு 50 வேண்டும்.

தகட்டைக் கேபிள் கடக்கும் ஒவ்வொரு ஓட்டையிலும் ரப்பர் கிராமெட் போட்டோம். கேபிள் முழுவதும் குழாய் உறை, அடிக்கு ஒரு க்ளிப். பெட்ரோல் பைப் போகும் பக்கத்தைத் தவிர்த்தோம்.

எர்த்தைப் பலர் மறக்கிறார்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே, பாடியின் பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளக்கும் இரும்பில் போல்ட் போட வேண்டும். இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையில் தடித்த பட்டை தனியாக வேண்டும். அது இல்லாவிட்டால் கரண்ட் சோக் கேபிள் போன்ற மெல்லிய கம்பிகளைத் தேடிப் பிடித்து ஓடி, அவற்றைப் பழுக்க வைக்கும்.

அடுத்தது வாயு. சார்ஜ் ஏறும்போது பேட்டரி ஹைட்ரஜனை விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். டிக்கியில் சேரும் வாயு பின்சீட்டு வழியாக ஆள் உட்காரும் இடத்துக்கு வரும். அதனால் மூடிய பெட்டியும் வண்டிக்கு வெளியே போகும் வென்ட் குழாயும் கட்டாயம். டிக்கியில் எல்பிஜி அல்லது சிஎன்ஜி சிலிண்டர் இருந்தால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

பேட்டரி சுமார் 15 கிலோ. மலைப்பாதை வளைவில் அது நகர்ந்தால் மோசமாக இடிக்கும். ரப்பர் பட்டை போதாது, பாடியில் போல்ட் போட்ட இரும்புச் சட்டம் வேண்டும். வேலைக்கு முன் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். முடிந்ததும் இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையிலேயே மீட்டர் வையுங்கள்: 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும்.

புது வண்டியில் சென்சார், வாரன்ட்டி, இன்சூரன்ஸ் என்று பல முடிச்சுகள் இருக்கின்றன. அதில் இதைச் செய்யாதீர்கள். பழைய வண்டியிலும் முதலில் பேட்டரிக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே ஒரு தடுப்புத் தகடு வைத்துப் பாருங்கள், அதிலேயே பிரச்சினை தீரலாம். ஏற்கெனவே மாற்றியிருக்கிறீர்களா? இன்றே டிக்கியைத் திறந்து பாருங்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் இல்லையென்றால், அது போடும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.