மடலின் கடைசி வரி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதுவோர் பெரும்பாலும் மறவாமல் எழுதும் தொடர் ‘யுவர்ஸ் பெய்த்புல்லி’ என்பதாகும். பள்ளி நாள் முதல் கை பழகிய தொடர். ஆயினும் அதன் பொருள் என்ன, எங்கே எழுதலாம், எங்கே எழுதலாகாது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

எண்ணிப் பார்க்க வேண்டிய கடமை நமக்கு உண்டு. நம்மில் பலர் தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். வங்கிக்கோ காப்பீட்டு அலுவலகத்துக்கோ ஆங்கிலத்தில் மனு வேண்டுமென்றால், தெருவினர் நம்மிடந்தான் தாளை நீட்டுகிறார்கள். அவர்கள் பேச்சாக அங்கே போய் நிற்பது நம் எழுத்தே. அது பிழையின்றி நிற்க வேண்டாமா?

‘யுவர்ஸ் பெய்த்புல்லி’ ஒரு வாக்கியத்தின் வாலாகும். முற்காலத்து ஆங்கிலேயர் ‘ஐ ஆம், சார், யுவர்ஸ் பெய்த்புல்லி’ என்று முழு வாக்கியமாக எழுதி, அதன்கீழ்ப் பெயரிட்டனர். ‘ஐயா, நான் உண்மையுடன் தங்களுடையவனாக இருக்கிறேன்’ என்பது அதன் கருத்து. நாளடைவில் தலை தேய்ந்து மறைந்தது. வால் மட்டும் நின்றது. இதை மனத்திற்கொண்டால் விதிகள் தாமே விளங்கும்.

1. ‘யுவர்ஸ்’ என்றாலே ‘தங்களுடைய’ என்னும் உடைமைப் பொருள் வந்துவிடுகிறது. ஆகவே கடைசி எஸ் எழுத்துக்கு முன் அபாஸ்ட்ரபி என்னும் மேற்குறி இடுவது பிழை. ‘அவர்ஸ்’, ‘ஹெர்ஸ்’ ஆகியவற்றுக்கும் இதுவே விதி.

2. வரியின் தொடக்கமாதலால் ‘யுவர்ஸ்’ பெரிய எழுத்தில் தொடங்கும்; ‘பெய்த்புல்லி’ சிறிய எழுத்திலேயே தொடங்க வேண்டும். பின்னால் பெயர் வருவதால் காற்புள்ளி இடுவதே வழக்கம்; முற்றுப்புள்ளி கூடாது. தமிழில் ‘தங்கள் உண்மையுள்ள’ என்பது பெயரெச்சமாய் நின்று கையெழுத்துக்குக் காத்திருப்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

3. ‘தேங்கிங் யூ’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைப்பாரும் உளர். ‘தேங்கிங் யூ, ஐ ஆம், யுவர்ஸ் பெய்த்புல்லி’ என்று வந்த காலத்தில் அது பொருந்தியது. இன்று முற்றுவினை போய்விட்டது. ‘நன்றி கூறிக்கொண்டு’ என்று எழுதிப் புள்ளி வைத்தால் நம் தமிழாசிரியர் விடுவாரா? ஆங்கிலத்திலும் ‘தேங்க் யூ’ என்று எழுதிவிட்டால் தொல்லையில்லை.

4. தொடக்கமும் முடிவும் இணைந்து செல்ல வேண்டும். பெயர் குறியாமல் ‘டியர் சார்’ அல்லது ‘டியர் மேடம்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் பெய்த்புல்லி’. ‘டியர் மிஸ்டர் முருகன்’ எனப் பெயரிட்டுத் தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. இது ஆங்கிலேயர் மரபு. நாம் பின்பற்றுவதும் இதையே. அமெரிக்கர் ‘சின்சியர்லி’ என்றோ ‘யுவர்ஸ் ட்ரூலி’ என்றோ முடிப்பர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலைமையாசிரியருக்கு எழுதிய விடுப்பு மடலில் ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’ என்று முடித்தோம். மாணவன் ஆசிரியருக்குக் கீழ்ப்படிதல் முறையே. அதே பழக்கத்தில் வங்கி மேலாளருக்கும் கீழ்ப்படிந்தவராகக் கையெழுத்திடுகிறோம். ‘ஐ பெக் டு ஸ்டேட்’ என்று, தெரிவிப்பதற்கும் இரந்து நிற்கிறோம். ‘தங்கள் மிகப் பணிவுள்ள ஊழியன்’ என்று மடலை முடிப்பது ஆங்கிலேயரிடையே ஒரு காலத்தில் வெறும் மரியாதைச் சொல்லாய் வழங்கியது. ஆட்சி 1947-இல் போயிற்று. அவர்கள் விட்டுச்சென்ற பணிவு மட்டும் நம் மனுக்களில் தங்கிவிட்டது. உரிய கடனையும் உதவித்தொகையையும் கேட்பவர் இரக்க வேண்டியதில்லை. ‘ஐ ரிக்வெஸ்ட் யூ’ என்று தொடங்கி ‘யுவர்ஸ் பெய்த்புல்லி’ என்று முடித்தால் மரியாதையும் குறையாது, மானமும் குறையாது.

மின்னஞ்சலில் எழுதினாலும் இவ்விதிகள் மாறுவதில்லை. அடுத்த முறை நம்மை நம்பி ஒருவர் தாளை நீட்டும்போது, கடைசி வரியையும் கருத்தோடு எழுதுவோம். அதன் கீழேதான் அவர் தம் பெயரை எழுதப் போகிறார். அல்லது கைநாட்டு வைக்கப் போகிறார்.