அவிழ்வது வேறு, அறுபடுவது வேறு

மீன் அமிலம், முட்டைக் கரைசல், தயிர், மோர் என்று நம்ம பண்ணையில் கையாளுகிற பல பொருள்களில் இருப்பது புரதம். "இதுல அமினோ அமிலம் இருக்கு, அதான் பயிர் தழைக்குது" என்று சொல்லிக்கொள்கிறோம். சரி, புரதம் எப்படி அமினோ அமிலம் ஆகிறது? எது அதைச் செய்கிறது? இது தெரிந்துவிட்டால், கரைசலில் எதைச் சேர்க்கலாம், எதைச் செய்யக்கூடாது என்று யாரையும் கேட்காமல் நாமே முடிவு செய்யலாம்.

கோர்ப்பும் மடிப்பும்

புரதம் என்பது மணி கோர்த்த சரம். மணிகள்தான் அமினோ அமிலங்கள். பொதுவாக 20 வகை மணிகள் உண்டு. ஒரு மணியை அடுத்த மணியோடு இணைப்பது பெப்டைடு பிணைப்பு. இது மிக உறுதியான பிணைப்பு.

ஆனால் சரம் சும்மா நீளமாகக் கிடந்தால் பெரும்பாலும் வேலைக்கு ஆகாது. அது மடிந்து சுருண்டு ஒரு வடிவத்துக்கு வர வேண்டும். சுமை தூக்கத் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைக்கிறோம் இல்லையா? சுமை தாங்குவது அந்தச் சுருள்தான். சுருள் பிரிந்தால் துண்டு கிழியவில்லை, ஆனால் சும்மாடு போச்சு. புரதமும் அப்படித்தான்.

இந்த மடிப்பை நான்கு விஷயங்கள் பிடித்து வைத்திருக்கின்றன.

1. ஹைட்ரஜன் பிணைப்பு: ஒவ்வொன்றும் வலுவில்லாதது. ஏராளமாகச் சேரும்போது வைக்கோல் பிரி மாதிரி பலமாகிவிடும்.

2. மின்னூட்டக் கவர்ச்சி: சில மணிகளுக்கு நேர் மின்னூட்டம், சிலவற்றுக்கு எதிர் மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும்.

3. தண்ணீருக்கு ஒதுங்கும் குணம்: எண்ணெய்த் தன்மையுள்ள மணிகள் தண்ணீரை விட்டு விலகி, உள்பக்கமாக ஒண்டிக்கொள்ளும்.

4. கந்தகப் பிணைப்பு: இரண்டு மணிகளில் உள்ள கந்தகங்கள் கைகோர்ப்பது. நான்கில் இதுதான் உறுதி. முடி, கொம்பு, இறகு இவற்றில் இந்தப் பிணைப்பு நிறைய. இவை எருக்குழியில் சீக்கிரம் மக்காமல் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மடிப்பைக் கலைப்பவை

சூடு: முட்டையின் வெள்ளைக்கரு 60 டிகிரி செல்சியஸ் தாண்டியதும் வெளுத்துக் கெட்டியாகிறது. மடிப்பு அவிழ்ந்த சரங்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. ஆற வைத்தாலும் பழையபடி ஆகாது.

புளிப்பு: பாலின் கார அமில அளவு சுமார் 6.6. புளித்து 4.6 பக்கம் வரும்போது கேசின் என்ற பால் புரதத்தின் மின்னூட்டம் சமனாகிவிடுகிறது. அதுவரை ஒன்றையொன்று தள்ளி நின்ற துகள்கள் திரண்டு விடுகின்றன. பால் திரிவது இதனால்தான்.

உலோகம்: மயில்துத்தத்தில் உள்ள தாமிரம், பூஞ்சை வித்தின் புரதங்களில் ஒட்டி வடிவத்தைக் கெடுக்கிறது. போர்டோ கலவை வேலை செய்வது இப்படித்தான்.

யூரியா: அமெரிக்க விஞ்ஞானி கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன் ஒரு நொதியை அடர்த்தியான யூரியாக் கரைசலில் போட்டு, கந்தகப் பிணைப்புகளையும் பிரித்து, முழுக்க அவிழ்த்தார். யூரியாவை நீக்கிக் காற்றோட்டத்தில் விட்டதும் அது தானாகவே மடிந்து பழையபடி வேலை செய்தது. எப்படி மடிய வேண்டும் என்பது மணிகளின் வரிசையிலேயே இருக்கிறது என்று இதிலிருந்து தெரிந்தது. 1972-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதைக் கேட்டுவிட்டு, "யூரியா தெளிச்சா பயிரோட புரதம் அவிழ்ந்துடும்" என்று மேடையில் பேசிவிடாதீர்கள். அந்தச் சோதனைக்கு ஒரு லிட்டர் கரைசலில் சுமார் 480 கிராம் யூரியா வேண்டும். வயலில் இலைவழி தெளிப்பது லிட்டருக்கு 10, 20 கிராம்தான். யூரியாவை வேண்டாம் என்று சொல்ல நமக்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. இல்லாத காரணத்தைச் சொன்னால், இருக்கிற காரணமும் எடுபடாது.

கோர்ப்பை அறுப்பது யார்?

மேலே சொன்ன எதுவும் மணிச்சரத்தை அறுக்கவில்லை, மடிப்பைத்தான் கலைத்தன. பெப்டைடு பிணைப்பை அறுக்க ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு, 110 டிகிரி சூட்டில் 24 மணி நேரம் வைக்கிறார்கள். அவ்வளவு உறுதி!

அதே வேலையை நம் வயிறும் நுண்ணுயிரும் உடல் சூட்டிலும் அறைச் சூட்டிலும் செய்து முடிக்கின்றன. காரணம், புரதம் அறுக்கும் நொதிகள். கறி சீக்கிரம் மெத்தென்று ஆகப் பச்சைப் பப்பாளிக்காய் சேர்ப்பதும் இதற்குத்தான். இங்கே ஒரு முக்கியமான விஷயம்: நொதியும் புரதமே. சூடு பட்டால் அதன் மடிப்பும் கலையும். கத்தி மழுங்கிவிடும்.

நம் வேலைக்கு இதில் என்ன இருக்கு?

மீன் அமிலம்: மீனின் குடலிலேயே புரதம் அறுக்கும் நொதிகள் இருக்கின்றன. அதனால் குடலைத் தூக்கிப் போடாதீங்க. மீனை வேகவைத்துப் போடக்கூடாது, வெந்நீர் ஊற்றக்கூடாது, வாளியை நிழலில் வையுங்க. சம எடை வெல்லம் தண்ணீரை இழுத்துக்கொண்டு அழுகலை அடக்கும். வெல்லத்தைக் குறைத்தால் நாற்றம்தான் மிஞ்சும்.

முட்டைக் கரைசல்: எலுமிச்சைச் சாறு ஓட்டின் சுண்ணாம்பைக் கரைக்கும், புரதத்தை அவிழ்க்கும். ஆனால் அறுக்காது. அறுக்கிற வேலை நுண்ணுயிர்களுடையது. வெல்லம் சேர்த்துப் பிசைந்து வைக்கிற அந்த 10 நாளை அவசரப்பட்டுக் குறைக்காதீங்க. மிச்ச வேலையை மண் முடிக்கும்.

சோயா மொச்சை: பச்சையாக இருக்கும்போது அதில் செரிமான நொதியைத் தடுக்கும் ஒரு புரதம் உண்டு. வறுத்தோ வேகவைத்தோ அதன் மடிப்பைக் கலைத்த பிறகுதான் கோழிக்குக் கொடுக்க வேண்டும். அவிழ்ப்பது எப்போதும் கெடுதல் இல்லை என்பதற்கு இது உதாரணம்.

உயிர்ப் பூஞ்சைக்கொல்லி: டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான். தாமிரத்துக்கு நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை தெரியாது. இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீங்க.

விதை: ஈரமுள்ள விதையின் புரதத்துக்குச் சூடு தாங்காது. உலர்ந்தது கொஞ்சம் தாங்கும். அதனால் புதிதாக அறுத்த விதையைக் காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் காயவையுங்க. 12 மணியிலிருந்து 3 மணி வரை நிழலுக்கு மாற்றிவிடுங்க.

செய்து பாருங்கள்: மூன்று கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் கொஞ்சம் வெள்ளைக்கரு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கொதிநீர், ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் சாதாத் தண்ணீர் விடுங்கள். முதல் இரண்டிலும் வெள்ளை படிவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அது அவிழ்ந்த புரதம், இன்னும் அமினோ அமிலம் ஆகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.